பழைய உளவியல் நூல்களில் இன்றும் செல்லுபடியாவது எது?

1878-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், நியூயார்க் பதிப்பாளர் ஹென்றி ஹோல்ட்டுக்கு உளவியல் பாடநூல் ஒன்றை எழுதித் தர ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1890-இல் வெளிவந்த 'தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் சைக்காலஜி' இரண்டு தொகுதிகள், ஏறத்தாழ 1,400 பக்கங்கள். வகுப்பறை அதைத் தாங்காது என்பதால் 1892-இல் அவரே அதைச் சுருக்கி இன்னொரு நூலாக்கினார். மூளையைப் பற்றி அந்தப் பெரிய நூல் சொல்லும் பலவும் இன்று காலாவதியாகிவிட்டன. நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தும் விதமே அன்றைக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் அதன் பத்தாவது அத்தியாயத்தை இன்று முதன்முறையாகப் படிக்கிறவர், தம் வீட்டில் நடந்ததை யாரோ பார்த்து எழுதிவைத்ததுபோல் நிமிர்ந்து உட்காருவார்.

'நான்' என்கிற உணர்வைப் பற்றியது அந்த அத்தியாயம். ஒருவர் 'என்னுடையது' என்று சொல்லக்கூடிய அனைத்தும் சேர்ந்ததுதான் அவருடைய 'நான்' என்கிறார் ஜேம்ஸ். உடல், உடுத்தும் துணி, வீடு, பிள்ளைகள், செய்த வேலை, ஊரில் உள்ள பெயர், வங்கியில் உள்ள பணம் எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் ஒன்று அழிந்தால் பொருள் நட்டத்துக்கு மேல் ஏதோ ஒன்று நேர்கிறது. நாமே கொஞ்சம் சுருங்கிப்போகிறோம். சொந்த ஊர் வீட்டை விற்றுக் கையெழுத்திட்டுவிட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அடுத்து, நம்மை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சமூக முகங்கள் நமக்கு உண்டு என்கிறார். அம்மாவிடம் ஒருவராகவும் அலுவலகத்தில் வேறொருவராகவும் இருப்பதை நாம் போலித்தனம் என்று நினைத்துக் குற்ற உணர்வு கொள்கிறோம். ஜேம்ஸ் அதைக் கண்டிக்கவில்லை. அந்த முகங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடங்களைத்தான் நிதானமாகக் காட்டுகிறார்.

பிறகு வருகிறது அவருடைய புகழ்பெற்ற வகுத்தல் கணக்கு. நம் தன்மதிப்பு என்பது, நாம் அடைந்ததை நாம் எதிர்பார்ப்பதால் வகுத்தால் கிடைப்பது. இதற்கு ஜேம்ஸ் தம்மையே எடுத்துக்காட்டாக வைக்கிறார். உளவியலாளனாக இருப்பதையே பணயமாக வைத்தவர் அவர். தம்மைவிட உளவியல் தெரிந்தவரைக் கண்டால் அவருக்கு அவமானமாக இருக்கிறது. ஆனால் கிரேக்க மொழி தெரியாதது துளியும் உறுத்தவில்லை. மாவட்டத்தில் முதலாவதாக வந்த மாணவி ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில் உடைந்துபோவதை நாம் பார்த்திருக்கிறோம். அவளுடைய அறிவு ஓராண்டில் குறைந்துவிடவில்லை. கீழே நிற்கும் எண்தான் மாறிவிட்டது. ஜேம்ஸ் இங்கே நிறுத்தாமல் இன்னோர் அடி வைக்கிறார். மேலே உள்ள எண்ணைக் கூட்டுவதற்குச் சமமான நிம்மதி, கீழே உள்ள எண்ணைக் குறைப்பதிலும் உண்டு. இளமையாகவோ ஒல்லியாகவோ இருந்தே தீரவேண்டும் என்ற முயற்சியைக் கைவிடும் நாள் எவ்வளவு இதமானது என்று அவர் எழுதும்போது, பேராசிரியர் மறைந்து அனுபவித்த மனிதர் தெரிகிறார்.

அவர் அனுபவித்தவர்தான். இருபதுகளின் இறுதியில் கடுமையான மனச்சோர்வில் மூழ்கியிருந்தார். பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேவைப் படித்துவிட்டு, விருப்புறுதி உண்டு என்று நம்புவதையே தம் விருப்புறுதியின் முதல் செயலாகக் கொள்வதென்று 1870 ஏப்ரல் 30-ஆம் தேதி நாட்குறிப்பில் தீர்மானம் எழுதினார். 1902-இல் வந்த 'தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்' நூலில் பெயர் தெரியாத பிரெஞ்சுக்காரர் ஒருவரின் திகில் அனுபவம் வருகிறது. அது ஜேம்ஸுக்கே நேர்ந்தது என்பது பின்னர் அவர் மகன் மூலம் வெளிவந்தது. ராஜயோகம் பற்றிய விவேகானந்தரின் எழுத்தை மேற்கோள் காட்டுவதும் இதே நூல்தான். இருவரும் நேரில் பழகியவர்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். இயற்பியல் கற்க யாரும் நியூட்டனின் மூல நூலைத் தேடுவதில்லை. 1890-ஆம் ஆண்டின் மருத்துவ நூலை நம்பி மருந்து சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. உளவியல் அறிவியல் என்றால், நூற்று முப்பது ஆண்டுப் பழைய நூலை ஏன் திறக்கவேண்டும்?

'புதியது' என்பதன் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை முதலில் சோதித்துப் பார்க்கலாம். உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்த கூட்டு முயற்சி ஒன்றின் முடிவு 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு, புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவைத் தந்திருந்தவை. திரும்பச் செய்தபோது அப்படி வந்தவை 36 விழுக்காடு மட்டுமே. மன உறுதி என்பது பேட்டரிபோல் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும் என்று 1998 முதல் சொல்லப்பட்டுவந்தது. எத்தனையோ சுயமுன்னேற்ற நூல்கள் அதன்மேல் கட்டப்பட்டன. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். இதைச் சொல்வது அறிவியலைக் குறைகூற அன்று. தன் தவற்றைத் தானே எண்ணிக்கையோடு வெளியிடும் துறை மரியாதைக்குரியது. ஆனால் சென்ற ஆண்டு வந்த நூல் என்பதாலேயே அது நம்மை நமக்கு நன்றாகச் சொல்லிவிடும் என்று எண்ண இடமில்லை.

இதைவிட முக்கியமான காரணம் துறையின் வரலாற்றில் இருக்கிறது. ஜேம்ஸின் தலைமுறைக்கு அகநோக்கு, அதாவது தன் மனத்தில் நடப்பதைத் தானே கவனித்து எழுதுவது, உளவியலின் முதன்மைக் கருவி. 1913-இல் ஜான் பி. வாட்சன் எழுதிய கட்டுரை அதை வாசலுக்கு வெளியே தள்ளியது. உளவியல் இனி நடத்தையை மட்டும் ஆராயும் இயற்கை அறிவியல் என்றார் அவர். அதற்கான காரணங்கள் வலுவானவை. இரண்டு ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்ற கவனிப்பாளர்கள் ஒரே விஷயத்தில் முரண்பட்டால் தீர்த்துவைக்க வழியே இல்லாமல் இருந்தது. நடத்தையும் அளவைகளும் வந்த பின் துறை வளர்ந்தது. அதனால் நோயாளிகளும் பயனடைந்தார்கள். ஆனால் ஒன்று கைவிட்டுப் போயிற்று. பொறாமைப்படும்போது உள்ளே என்ன நடக்கிறது, தள்ளிப்போடும் ஒரு காலைப்பொழுது எப்படிக் கழிகிறது என்று பொறுமையாக எழுதுவது ஆய்வாளரின் வேலையாக இல்லாமல் போனது. இன்றைய ஆய்வு பெரும்பாலும் ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்கிறது. தன்னைப் புரிந்துகொள்ள விரும்பி நூலகத்துக்கு வருகிறவர் சராசரியைத் தேடி வருவதில்லை.

ஆகவே என் கருத்து இது: பழைய உளவியல் நூல்களில் இரண்டு சரக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மனத்தில் நடப்பதைப் பற்றிய வர்ணனை. மற்றொன்று, அது ஏன் நடக்கிறது என்ற விளக்கம். விளக்கங்களில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன. வர்ணனைகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த நூல்கள் பெரும் செல்வம். பிரிக்காமல் அப்படியே விழுங்குகிறவருக்கு அவை தீங்கும் செய்யும்.

கேரன் ஹார்னியை எடுத்துக்கொள்வோம். எனக்கு இந்த வரிசையில் மிக நெருக்கமானவர் அவர்தான். 1885-இல் ஹாம்பர்க் அருகே பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர். பெர்லினில் உளப்பகுப்பாய்வாளராக இருந்து 1932-இல் அமெரிக்கா சென்றார். பெண்ணின் மனத்தைப் பற்றி ஃப்ராய்டு சொன்னதில், ஆண் பார்வையின் குறையைப் பெண்ணின் குறையாக்கிய பிழை இருக்கிறது என்று 1920-களிலேயே எழுதினார். ஃப்ராய்டிய அடிப்படைகளை மறுத்து எழுதிய நூலால், 1941-இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வுச் சங்கம் பயிற்சியாளர் தகுதியிலிருந்து அவரை இறக்கியது. அவர் சங்கத்தை விட்டு வெளியேறினார். மறு ஆண்டே 'செல்ஃப் அனாலிசிஸ்' வந்தது. ஒருவர் தம் மனத்தைத் தாமே ஓரளவு பகுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டு, முடியும், எல்லைகளோடு முடியும் என்று பதில் சொன்ன நூல் அது. அதில் கிளேர் என்ற பெண்ணின் கதை நீளமாக வருகிறது. ஆண் ஒருவரைச் சார்ந்தே வாழும் தன் பழக்கத்தை அவள் படிப்படியாகக் கண்டுகொள்கிறாள், கண்டுகொண்டதை மறக்கிறாள், மறுபடி காண்கிறாள். அந்தக் கிளேர் பெருமளவு ஹார்னியேதான் என்று அவரை ஆய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

1950-இல் வந்த 'நியூரோசிஸ் அண்ட் ஹியூமன் குரோத்' அவருடைய முதிர்ந்த நூல். மனிதர் தமக்கென்று ஓர் இலட்சிய உருவத்தை வரைந்துகொண்டு, அதற்கேற்ப நடக்கவில்லை என்று தம்மையே ஓயாமல் தண்டித்துக்கொள்வதை அதில் விரித்துக் காட்டுகிறார். எல்லோரையும் புரிந்துகொள்ள வேண்டும், எதையும் தாங்கிக்கொள்ள வேண்டும், களைப்பே வரக்கூடாது, யார்மீதும் கோபம் வரக்கூடாது, படித்தவுடன் புரிந்துவிட வேண்டும் என்று உள்ளே பிறக்கும் கட்டளைகள். இவை நல்லொழுக்கத்தின் குரலாகத் தோன்றும். ஆனால் நடைமுறையில் சாத்தியமா என்ற கேள்வியையே அவை கேட்பதில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறார் ஹார்னி. சிக்கலை மெல்லத் தீர்க்கும் பொறுமையும் அவற்றுக்கு இல்லை. இப்போதே, முழுமையாக வேண்டும். இந்தக் கட்டளைகளுக்கு அடங்கிப்போகும்போது மனிதர் வற்றிப்போகிறார். எதிர்க்கும்போது சோம்பலும் மறதியுமாக எதிர்க்கிறார். வெளியே திருப்பிவிடும்போது கணவன், மனைவி, பிள்ளை எவரும் போதுமானவராகத் தெரிவதில்லை.

'எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ள வேண்டும்' என்று வளர்க்கப்பட்ட பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். மாமியாரின் மருத்துவம், பிள்ளையின் தேர்வு, அலுவலக வேலை மூன்றையும் முகம் சுளிக்காமல் செய்தும், ஒரு நாள் குரல் உயர்ந்துவிட்டதற்காக இரவெல்லாம் தம்மைத் திட்டிக்கொள்பவர்கள். அவர்களில் ஒருவர் இந்தக் கட்டளைகளைப் பற்றிய ஹார்னியின் பக்கங்களைப் படித்தால் அவருக்குச் சிகிச்சை கிடைத்துவிடாது. ஆனால் தன்னை அடிக்கிற கையின் உருவம் தெரியும். அது சிறிய விஷயம் அன்று. அறிவாற்றல் சிகிச்சையின் முன்னோடிகளான ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் இருவரும் ஹார்னிக்குத் தாம் பட்ட கடனைச் சொல்லியிருக்கிறார்கள். இன்று ஆலோசகர் தரும் ஒரு பக்கப் பயிற்சித்தாளில் ஒற்றை வரியாக இருப்பது, ஹார்னியிடம் பல பக்க வாழ்க்கையாக இருக்கிறது. நெருக்கடியில் இருப்பவருக்கு அந்த ஒற்றை வரி உதவும். அவகாசம் உள்ளவர் மூலத்துக்குப் போகலாம்.

எதிர்வாதத்தை இலேசாகக் கடந்துவிட முடியாது. நம்மை நாமே பார்த்து அறிந்துகொள்ள முடியும் என்ற எண்ணத்தையே அசைத்த ஆய்வு ஒன்று உண்டு. ரிச்சர்டு நிஸ்பெட், திமோதி வில்சன் இருவரும் 1977-இல் வெளியிட்டது. கடை ஒன்றில் நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றே. ஆனால் வலக்கோடியில் இருந்ததை 40 விழுக்காட்டினர் தேர்ந்தார்கள். இடக்கோடியில் இருந்ததை 12 விழுக்காட்டினர்தான். காரணம் கேட்டபோது நெசவு, மென்மை என்று ஏதேதோ சொன்னார்கள். இருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்கும் முன்னால், 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று ஒரே அறிக்கையை எல்லோரிடமும் கொடுத்தார். அது தம்மைத் துல்லியமாகச் சொல்கிறதென்று அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அறிக்கையின் வரிகளில் பெரும்பாலானவை சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை.

எனவே ஹார்னியைப் படித்து 'இது என்னைப் பற்றித்தான்' என்று சிலிர்ப்பது எதையும் நிரூபிக்காது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும். ஆனால் நிஸ்பெட்டும் வில்சனும் ஒரு வேறுபாட்டைப் பேணினார்கள். தம் உணர்வு என்ன, கவனம் எதில் இருந்தது, எதை நினைத்தோம் என்பவை நமக்குத் தெரியும். அவற்றை உண்டாக்கிய காரணங்கள் தெரிவதில்லை. பழைய நூல்களில் நின்றதும் விழுந்ததும் இதே கோட்டின் இரு பக்கங்களில்தான் இருக்கின்றன. நூலாசிரியருக்கும் வாசகருக்கும் பலவீனமான இடம் ஒன்றே.

அந்தப் பலவீனத்தை அறிந்து, அதற்கு எதிராக ஒரு முறையை அமைத்துக்கொண்டவர் மரியன் மில்னர். லண்டனில் உளவியல் பட்டம் பெற்று, தொழில்துறை உளவியலில் வேலை பார்த்தவர். 1926-இல், இருபத்தாறாம் வயதில், ஒவ்வொரு நாளும் தன்னை மகிழ்ச்சிப்படுத்தியது எது என்று குறித்துவைக்கத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் தொடர்ந்த அந்தத் தேடல், 1934-இல் ஜோவானா ஃபீல்டு என்ற புனைபெயரில் 'எ லைஃப் ஆஃப் ஒன்ஸ் ஓன்' என்ற நூலாக வந்தது. ஏன் மகிழ்ந்தேன் என்று அவர் ஊகிக்கவில்லை. எப்போது என்று மட்டும் எழுதினார். எழுதியதைத் திரும்பப் பார்த்தபோது, தான் விரும்புவதாக எண்ணியிருந்தவை வேறு, உண்மையில் மகிழ்வித்தவை வேறு என்று தெரிந்தது. கவனம் இரண்டு வகைப்படும் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. ஒன்று, காரியத்தைத் துரத்தும் குறுகிய கவனம். மற்றது, எதையும் வேண்டாமல் முழுவதையும் ஏற்கும் அகன்ற கவனம். இசை கேட்கும்போதும் கைவேலை செய்யும்போதும் இந்த மாற்றம் தனக்குள் நிகழ்ந்ததை அவர் சொல்லிக்கொண்டுபோகும் பக்கங்களுக்கு இணையானவற்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. குழந்தைகளின் சிந்தனை பற்றிய பியாஜேயின் நூலைப் படித்துவிட்டு, அதில் குழந்தைக்குச் சொல்லியிருந்த குழப்பங்கள் தன்னுடைய வளர்ந்த மனத்திலும் இருப்பதை அவர் கண்டார். தான் நினைப்பதையே நடந்ததாக எடுத்துக்கொள்ளும் குழப்பம் அது. ஓர் ஆய்வு நூலைத் தன்னை அறிய எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அதுவே நல்ல பாடம்.

இனி, எதை ஒதுக்கவேண்டும் என்பது. ஜேம்ஸே எழுதினார், முப்பது வயதுக்குள் பெரும்பாலானோரின் குணம் சுண்ணாம்புச் சாந்துபோல் இறுகிவிடும் என்று. 2003-இல் சஞ்சய் ஸ்ரீவாஸ்தவாவும் உடன் ஆய்வாளர்களும் 1,32,515 பேரின் தரவை வைத்து அதைச் சோதித்தார்கள். முப்பதுக்குப் பிறகும் பொறுப்புணர்வும் இணக்கமும் சராசரியாக வளர்ந்துகொண்டே போயின. நாற்பது வயதில் ஜேம்ஸைப் படித்து 'இனி நான் மாறமாட்டேன்' என்று முடிவுகட்டுகிறவர், நூலின் தவற்றைத் தம் விதியாக்கிக்கொள்கிறார்.

இதைவிடக் கொடுமையான தவறுகள் உண்டு. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்', ஆட்டிசத்துக்குப் பெற்றோரின், குறிப்பாகத் தாயின், பாசமின்மையே காரணம் என்று நம்பவைத்தது. ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது ஆதாரமற்றது. தன்பால் ஈர்ப்பை நோயாக எழுதிய நூல்கள் நூலக அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973-லேயே அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பதின்பருவத்தில் இருக்கும் ஒருவர் கையில் அப்படிப்பட்ட நூல் தனியாகக் கிடைப்பது ஆபத்து. இந்த நூல்களில் அழகான நடையும் ஆழமும் இருக்கலாம். அதற்காக மன்னிக்கவேண்டியதில்லை.

ஃப்ராய்டை எங்கே வைப்பது? 'கனவுகளின் விளக்கம்' முதல் பதிப்பில் அச்சிட்ட 600 படிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின. பிறகு அவர் பெயர் உலகமெங்கும் பரவியது. எனக்கு அவருடைய 1901-ஆம் ஆண்டு நூல்தான், அன்றாட வாழ்வின் நாப்பிறழ்ச்சிகளையும் மறதிகளையும் பற்றியது, தன்னறிவுக்கு உகந்ததாகப் படுகிறது. ஆனால் அதைத் தனியே படிக்காதீர்கள். இத்தாலிய மொழியியல் அறிஞர் செபாஸ்தியானோ திம்பனாரோ 1974-இல் அதற்கு எழுதிய மறுப்பையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பழைய நூல்களைக் கையால் படியெடுத்தவர்கள் செய்த பிழைகளை ஆராய்ந்தவர் அவர். ஃப்ராய்டு ஒளிந்திருக்கும் ஆசையைக் கண்ட பல இடங்களில், சாதாரணமான படியெடுப்புப் பிழையின் விதிகளே போதும் என்று காட்டினார். அச்சுப்பிழை திருத்திப் பழகியவர்களுக்கு அவர் வாதம் உடனே புரியும். இரண்டையும் படித்தவரிடம், ஒரு சந்திப்பை மறந்துவிட்டால் 'எனக்கு அங்கே போக விருப்பமில்லையோ' என்று கேட்கும் பழக்கம் தங்கும். பதில் ஆம் என்று அடித்துச் சொல்லும் பழக்கம் தங்காது.

தமிழில் இத்துறைக்கு வழி திறந்தவர்களில் பெரியசாமி தூரனை நன்றியோடு நினைக்கவேண்டும். கவிஞராகவும் கீர்த்தனைகள் இயற்றியவராகவும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் அறியப்பட்ட அவர், 'மனமும் அதன் விளக்கமும்', 'அடிமனம்' போன்ற நூல்களில் மேற்கத்திய உளவியலை எளிய தமிழில் சொன்னார். ஆனால் ஜேம்ஸின் பெருநூலோ ஹார்னியின் முதிர்ந்த நூலோ மில்னரின் நாட்குறிப்பு நூலோ நம் புத்தகக் கண்காட்சிகளில் தமிழில் கண்ணில் படுவதில்லை. சுயமுன்னேற்ற நூல்களின் மொழிபெயர்ப்புகள் அங்கே அடுக்கடுக்காக நிற்கின்றன. பதிப்பாளர்கள் இந்த இடைவெளியைக் கவனிக்கவேண்டும். ஜேம்ஸின் நூல்களுக்குக் காப்புரிமைத் தடையும் இல்லை.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். உறக்கம் கெட்டு, உணவு கசந்து, உயிர் வாழ்வதே பாரமாகத் தோன்றும் நிலையில் இருப்பவர் இந்த நூல்களிடம் வரக்கூடாது, உளமருத்துவரிடம் போகவேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். மற்றவர்கள் ஜேம்ஸின் பத்தாவது அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முழு நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு ஹார்னி, அதன்பின் மில்னர். பென்சிலோடு படியுங்கள். உங்களுக்கு நேர்ந்ததை அப்படியே சொல்லும் வரியின் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அது ஏன் நேர்கிறது என்று ஆசிரியர் சொல்லத் தொடங்கும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, அந்தக் கேள்வியை அண்மை ஆய்வுகளிடம் கொண்டுபோங்கள். கோடு போட்ட வரிகளை ஒரு மாதம் கழித்து, உங்கள் நாட்குறிப்போடு வைத்துச் சரிபாருங்கள். பொருந்தாதவற்றைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.